முப்பத்துநாலு பேருக்கும் தமிழ்னு போட்டேன்

திருத்தணி
21.9.2025, ஞாயிறு

அன்புள்ள உதயாவுக்கு அம்மா எழுதறது. நானும் அப்பாவும் சொகம், நீயும் கோயமுத்தூர்ல ஹாஸ்டல் சாப்பாட்டோட சண்டை போடாம ஒடம்பைப் பார்த்துகினு இருப்பேன்னு மலை மேல இருக்கறவன்கிட்ட பாரத்தைப் போட்டுட்டு எழுதறேன். நீ கேட்டதுக்குப் பதில் சொல்ல ரெண்டு வாரம் ஆயிடுச்சி. ஆசிரியர் தினத்தன்னிக்கு ஷோபனா டீச்சர் போட்டோவை ஸ்டேட்டஸ்ல வெச்சி, நான் கணக்கு எடுத்துப் படிக்க இவங்கதான் காரணம்னு எழுதியிருந்தே. அப்புறம் ஏம்மா சரியாவே பேச மாட்டேங்கறேன்னு நீயே கேட்டே. வேலை ஜாஸ்தின்னு சொன்னேன். வேலையெல்லாம் இல்ல, பொறாமை. போன்ல சொன்னா என் குரல் ஒடையும், நீ சிரிப்பே, அதான் பேப்பரை எடுத்தேன்.

நானும் கணக்கு டீச்சர்தானே உதயா. உன்னை ஆறாவதுல என் பள்ளிக்கூடத்துலயே சேர்த்தப்போ, சொந்தப் பிள்ளைக்கு நீங்க பாடம் எடுக்க வேணாம்னு அப்போ இருந்த ஹெச்.எம். சொல்லிட்டாரு, நீ ஷோபனா டீச்சர் வகுப்புக்குப் போயிட்டே. மூணு வருஷம் சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் ஷோபனா டீச்சர் இப்படிச் சொன்னாங்க, ஷோபனா டீச்சர் அப்படிப் போட்டாங்கன்னு நீ பேச, நான் தோசை ஊத்திகினே கேட்டுகினு இருந்தேன். அது இன்னும் ஆறல, அதுக்குள்ள இப்போ வேற ஒண்ணு. இந்த வருஷம் எனக்கு எட்டாவது, அவங்களுக்கு ஏழாவது. இடைப்பருவத் தேர்வுல என் முப்பத்துநாலு பேர்ல பதினெட்டு பேர் கணக்குல பெயில். அவங்க முப்பத்தோரு பேர்ல மூணே பேர். ஹெச்.எம். தங்கவேல் சார் கூப்பிட்டு, கோவிக்காதீங்க டீச்சர், எட்டாவதுக்கு உதவித்தொகைப் பரீட்சை வேற வருது, வகுப்பை மாத்திக்கறீங்களா, வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்கன்னாரு. வெளியே வந்தா கோமளவல்லி டீச்சர், ஷோபனாகிட்ட குடுத்தா செவுரு கூட பாஸ் பண்ணிடும்னு எல்லார் முன்னாடியும் சிரிக்கறாங்க. நானும் சிரிச்சேன். பல்லு வலிச்சது.

உன்கிட்ட மறைக்க மாட்டேன், அடுத்த நாள் நான் ஒரு காரியம் பண்ணேன். கேள்வியைச் சுலபமா குடுத்திருப்பாங்க, மார்க்கை அள்ளிப் போட்டிருப்பாங்க, அதைக் கண்டுபிடிச்சி சார் மேஜை மேல வெக்கணும்னு, பிள்ளைங்க எப்படி எழுதியிருக்காங்கன்னு பார்க்கணும்னு பொய் சொல்லி அவங்க விடைத்தாள் கட்டை வீட்டுக்கு எடுத்துகினு வந்தேன். ஒண்ணு விடாம திருத்திப் பார்த்தேன். என்னை விட அவங்கதான் கறாரு, ஒரு படி விட்டாலும் அரை மார்க் போயிடுச்சி. ஆனா பாதித் தாள்ல, பெரிய கணக்குக்கு மேல பிள்ளைங்க பென்சில்ல சின்னதா எழுதியிருந்தாங்க, தமிழ் எழுத்துதான், எனக்கு ஒண்ணும் புரியல. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இது தெலுங்கும்மா, எவ்வளவு மிச்சம், ஆளுக்கு எவ்வளவுன்னு எழுதியிருக்குதுன்னாரு. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனதும் என் எட்டாவது பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். தாய்மொழின்னு இருக்கற கட்டத்துல முப்பத்துநாலு பேருக்கும் தமிழ். நான் போட்டதுதான். வருஷா வருஷம் ஜூன்ல பழைய பட்டியலைப் பார்த்து அப்படியே ஏத்திடுவேன், ஒரு பிள்ளையைக் கூட கேட்டதில்ல. அவங்க ஏழாவதுல பதினாறு பேருக்குத் தெலுங்குன்னு இருக்குது.

அன்னிக்கே வகுப்புல வீட்ல யார் யாரு தெலுங்கு பேசறீங்கன்னு கேட்டேன். ஒரு கை தூக்கல. தூக்குவாங்களா, பள்ளிக்கூடத்துல தெலுங்குல பேசினா வெளிய நிக்க வெச்சவ நான்தானே. நாலாவது பெஞ்சி பாஞ்சாலி மட்டும் எழுந்து, டீச்சர், நைனாகிட்ட மட்டும்தான் பேசுவேன், இங்க பேசவே மாட்டேன், அடிக்காதீங்கன்னா. அவ அப்பா கே.ஜி.கண்டிகையில ஆட்டோ ஓட்டறாரு. அடிக்க மாட்டேன்டின்னு சொன்னதுக்கு அப்புறம் ஒவ்வொரு கையா பத்தொம்பது கை. பெயிலான பதினெட்டுல பதினஞ்சு அதுல இருக்குது. கூட்டல் கழித்தல் தெரியாத பிள்ளைங்க இல்ல, கேள்வி என்ன கேக்குதுன்னு தெரியாத பிள்ளைங்க.

வெள்ளிக்கிழமை சார்கிட்ட வகுப்பை மாத்த மாட்டேன், அரையாண்டு வரைக்கும் டைம் குடுங்கன்னு கேட்டேன். ஆங், பார்க்கலாம்னாரு, முகத்துல நம்பிக்கை இல்ல. அரையாண்டுலயும் இப்படியே வந்தா எட்டாவது என் கையை விட்டுப் போயிடும். அதனால மானத்தை மூட்டை கட்டி வெச்சிட்டு ஷோபனா டீச்சர்கிட்டயே போனேன். நீங்க திண்டிவனத்துக்காரங்க, இந்தத் தெலுங்கை எங்க புடிச்சீங்கன்னு கேட்டேன். அவங்க பீரோவைத் திறந்து அட்டை கிழிஞ்ச ஒரு நாப்பது பக்க நோட்டை எடுத்துக் குடுத்து, உங்க வீட்லேர்ந்துதான் டீச்சர்னாங்க. திறந்தா உன் கையெழுத்துல கணக்குல வர்ற வார்த்தைங்க. ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் தமிழ் எழுத்துலயே தெலுங்கு, பின்னாடி பக்கத்துல எட்டாம் வகுப்பு உதயான்னு போட்டு ஒரு பூ. சாப்பாட்டு மணியில தினம் அஞ்சு வார்த்தையா நீதான் அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தியாமே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நீயும் அப்பாவும் தெலுங்குல பேசி சிரிக்கும்போதெல்லாம் என்னைப் பத்தித்தான்னு நெனச்சி மூஞ்சியைத் தூக்கி வெச்சிகினு எழுந்து போவேனே தவிர, எனக்கும் சொல்லுன்னு நான் ஒரு நாளும் கேக்கல. அவங்க கேட்டாங்க. அதை நெனச்சா இன்னும் வயிறு எரியுது உதயா.

நோட்டைப் பார்த்துப் பார்த்து எழுதிகினு இருக்கேன், பன்னெண்டு பக்கம் ஆச்சி. அப்பாகிட்ட தினம் ஒப்பிக்கறேன், என் உச்சரிப்புக்கு அவரு சிரிக்கட்டும், பரவால்ல. வட்டி கணக்குக்கு நீ ஒண்ணும் எழுதல, அதை மட்டும் நீ எனக்கு எழுதி அனுப்பு, அவங்களுக்கு அனுப்பாத. தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி டீ குடிக்கறதைக் குறை. நீ நல்லா படிச்சி நெனச்சபடி வரணும்னு அந்த முருகன் உனக்குத் துணை இருப்பாரு. டிசம்பர்ல படித்திருவிழாவுக்கு வருவே இல்ல, ஷோபனா டீச்சரைப் போய்ப் பாரு, நான் வேணாங்கல. ஆனா பஸ்ஸை விட்டு எறங்கினதும் நேரா நம்ப வீட்டுக்கு வா.

இப்படிக்கு உன் மேல உரிமையை விட்டுக் குடுக்காத
அம்மா தமிழ்செல்வி