நாற்பத்தொரு புள்ளி

அன்புள்ள தயாளினிக்கு,

நான் சுகம். உமது சுகத்தோடு மாமியின் முழங்கால் சுகத்தையும் அறிய ஆவல்.

என் பாட்டுக்கு நூற்றுக்கு நாற்பத்தொரு புள்ளி! போட்டது மனிசனில்லை, ஒரு பெட்டி. துறைமுக அலுவலக ஒன்றுகூடலுக்கு இங்கே ஓர்ஸ் ஹில் மண்டபத்தில் கரோக்கே மெஷின் வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். அது இசையை மட்டும் போட்டு, வரிகளைத் திரையில் ஓடவிட்டு, நாம் பாடும் சுருதி அசல் மெட்டோடு ஒட்டுகிறதா என்று பார்த்துப் புள்ளி போடும். குரலின் இனிமை அதற்கு விளங்காது. என் குரல் இனிமை என்று உம்மைத் தவிர ஒருவரும் சொன்னதில்லை என்பது வேறு கதை.

களஞ்சியப் பொறுப்பாளர் றஊபுக்குக் கப்பல் சங்குக் குரல். ஆனால் கள்ளன், சுருதி இறக்கும் பொத்தானை அழுத்தி எண்பது எடுத்துவிட்டார்!

நான் நம்முடைய சோடிப் பாட்டைத்தான் பாடினேன். ஆணின் வரிகள் முடிந்ததும், வீட்டுப் பழக்கத்தில், நீர் குசினிக்குள் சமைத்தபடியே உமது வரிகளை எடுப்பீர் என்று வாயை மூடி நின்றேன். பெண்ணின் வரிகள் திரையில் சும்மா ஓடின.

"என்ன அண்ணே, மைக் பழுதா?" என்றார் றஊப்.

"ஓம், பழுதுதான்" என்றேன்.

அந்த மௌனத்துக்கெல்லாம் பெட்டி புள்ளியை வெட்டிவிட்டது. அநியாயம்!

மெஷின் வாங்குபவர்களுக்குச் சொல்லும்: இரண்டு மைக் இல்லாவிட்டால் தொடவே வேண்டாம்.

மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது, பஸ்ஸில் கொடுத்துவிடும். உமது வரிகளையும் போனில் பாடி அனுப்பும். அடுத்தமுறை அந்த இடம் வந்ததும் போனை மைக்கில் பிடிப்பேன். பின்னால் கடுகு வெடிக்கும் சத்தமும் இருக்கட்டும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது, றஊப் வாசலில் ஹோர்ன் அடிக்கிறார்.

உமது பாடகன்,
இராகுலன்