பதின்மூன்றாம் மரத்துப் படம்

(அக்கா, முதலில் ஒரு முக்கிய அறிவிப்பு. நம் வீட்டு மிக்சி மூடி நேற்றுக் காலை ஏழேகால் மணிக்குக் காலமானது. சட்னி இலாகாவை அம்மிக்கல் மறுபடி ஏற்றுக்கொண்டது. ரோஜாச் செடி வெட்டும்போது அம்மாவின் வலது கையில் கத்தரி பட்டு மூன்று தையல். அதனால் அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது நான், அஜய். அடைப்புக்குறிக்குள் வருவது என் சரக்கு, மற்றதெல்லாம் அம்மாவுடையது.)

அன்பு மகள் சிவசங்கரிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே பள்ளிவாசல் எஸ்டேட்டில் மழையையும் குளிரையும் தவிர எல்லாரும் நல்லபடியாக இருக்கிறோம், பரோடாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று பாதி நம்புகிறேன், மீதி பாதி நீ வந்து நின்றால்தான். போனில் என்றால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், காகிதம் என்றால் முடிகிறவரை படித்துத்தானே ஆகவேண்டும், அதனால்தான் இந்தப் பார்சலோடு கடிதம். பழைய துரை பங்களாத் தோட்டத்தில், அதான் நான் பதினாறு வருடமாகச் செடி பார்க்கிற இடத்தில், ஓவியப் பிரதர்சனமாம், படக் கண்காட்சி வைத்திருக்கிறார்கள். படம் மாட்ட ஊரில் சுவரா இல்லை, மரத்தில் கொண்டுவந்து தொங்கவிடுவானேன் என்று எனக்கு அப்போதே உறுத்தியது. ஆள் வந்து மரம் மரமாகச் சுண்ணாம்பில் நம்பர் போட்டார்கள். மரத்தில் நம்பர் விழுந்தால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? மேல் டிவிஷன் யூக்கலிப்டஸில் இப்படித்தான் போட்டார்கள், இருபதாம் நாள் லாரி வந்து நின்றது. சூப்பர்வைசர் செபாஸ்டினிடம் கேட்டால், சேச்சி பேடிக்கண்டா, அது படத்துக்குள்ள நம்பராக்கும் என்று, பயப்படாதே, படம் மாட்டுவதற்கான நம்பர் என்று மலையாளத்தில் சொல்லிச் சிரிக்கிறான். லீவு கிடையாது என்பதையும் அவன் அப்படிச் சிரித்துக்கொண்டுதான் சொல்வான். மரத்தை வெட்டி ரிசார்ட் கட்டினால் என் வேலை போச்சு, உங்கப்பா ரிட்டயரான பிறகு இந்த லயத்து வீடு என் வேலையில்தான் நிற்கிறது, வேலை போனால் வீட்டையும் காலி செய்யச் சொல்வார்கள், அப்புறம் நீ லீவுக்கு எங்கே வந்து இறங்குவாய்?

(இந்த இடத்தில்தான் ஒரு வீரன் களத்தில் குதித்தான். பெயர் சொல்ல அடக்கம் தடுக்கிறது. ஞாயிறு மத்தியானம், தோட்டத்தில் ஒரு ஈ காக்கா இல்லை. நம்பரை அழித்தால் மறுபடி எழுதிவிடுவார்கள். அதனால் கடைசி இலக்கம் ஒன்றென்றால் ஏழாக்கினேன், மூன்றென்றால் எட்டாக்கினேன். இனி எந்த லாரிக்காரனும் அந்த நம்பரை நம்பவே முடியாது!)

இன்னொன்று கேள். நம்பர் போட்ட கூட்டத்தில் கற்பகம் என்று ஒரு பெண், நேராக நம் வீட்டு வாசலில் வந்து நின்று, சிவசங்கரி வீடு இதுதானேம்மா என்கிறாள். வெளியூரில் இருக்கிற வயசுப் பிள்ளையைப் பற்றி இவளுக்கென்ன விசாரணை? அப்படி யாரும் இங்கே இல்லத்தா என்று சொல்லிவிட்டேன். அவளும் சிரிக்கிறாள். பதின்மூன்றாம் மரத்துக்குக் கண்டிப்பாக வந்து பாருங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். நேற்று மத்தியானம் அஜயைக் கூட்டிக்கொண்டு போனேன். தோட்டம் முழுக்கச் சுற்றியும் பதின்மூன்று என்று ஒரு மரமே இல்லை. இதில் ஏதோ கள்ளம் இருக்கிறது. படங்களும் ஒரு தினுசு. மீசை வைத்த துரையின் படம், கையில் கொடுத்த இங்கிலீஷ் தாளில் அந்த நம்பருக்கு நேரே சினைப் பசு என்று போட்டிருப்பதாக அஜய் வாசித்தான். எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பெரிய செண்பகத்தில் ஒரு படம், பதினெட்டாம் நம்பர், ஒருத்தி முதுகு காட்டிக் குனிந்து ரோஜா வெட்டுகிறாள். சேலைக்கு மேல் உங்கப்பாவின் ஊதாக் கட்டம் போட்ட சட்டை, சைக்கிள் டியூப் ஒட்டுப் போட்ட என் ரப்பர் பூட்ஸ்! தாளில் அதற்குப் பெயர் குளத்தில் எருமைகள். என்னைக் கேட்காமல் வரைந்ததுமில்லாமல் எருமை என்றும் எழுதுவார்களா? நீயும் அந்தப் படிப்புத்தானே படிக்கிறாய், வரைந்தது யாரென்று விசாரித்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடு. ஆனால் ஒன்று, அந்தப் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். என் முதுகை நான் எங்கே பார்த்தேன். வரைந்த ஆளுக்கு என் இடுப்பு வலி தெரிந்திருக்கிறது.

ஏலக்காய் கால் கிலோ வைத்திருக்கிறேன், எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்துவிடாதே. தலைக்கு எண்ணெய் வை. புதிதாகச் சிரித்துப் பேசுகிறவர்களிடம் நம் வீட்டு விலாசம் சொல்லாதே. மேல் கோயில் முனீஸ்வரன் துணையிருந்து நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும்.

உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா,
முருகேஸ்வரி

(அக்கா, இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது அடைப்புக்குறிகளைத் தாண்டிவிட்டேன். தாளில் பதின்மூன்றாவதாக என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும்: ‘அம்மா’, வரைந்தவர் சிவசங்கரி, பள்ளிவாசல். அந்த வரியை மட்டும் அம்மாவுக்கு வாசிக்காமல் விட்டுவிட்டேன். செண்பகத்தில் பதின்மூன்றைப் பதினெட்டாக்கிய வீரன் நான்தான். கற்பகம் அக்காவிடம் போய் ஒத்துக்கொண்டேன். ஒரு கிளையைக்கூட வெட்ட மாட்டார்களாம், படத்தைக்கூட ஆணி அடிக்காமல் கயிற்றில்தான் கட்டியிருக்கிறார்களாம். நான் காப்பாற்றியது ஒன்றுமில்லை, கெடுத்தது உன் படம் ஒன்றைத்தான். நாளைக்கு அம்மாவை அங்கே நிறுத்தி, அவள் கண் முன்னாலேயே பழையதை அழித்து 13 என்று எழுதி, தாளைச் சரியாக வாசிப்பேன். அடி விழுந்தால் வாங்கிக்கொள்கிறேன். சுண்ணாம்பு மிச்சம் இருக்கிறது. கலக்கத்தான் பாத்திரம் இல்லை. போன தடவை மிக்சி மூடியில்தான் கலக்கினேன், நேற்று அதைச் சுரண்டும்போதுதான் உடைந்தது.)