உன் ஓட்டை நானே எழுந்து நின்று சொன்னேன்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. உன் அப்பாவின் முழங்காலையும் சமையலறைக் குழாயையும் தவிர இங்கே எல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொண்டு, சண்டை போடாமல் நலமாக இருக்க வேண்டும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அந்த வசதி கிடையாது, கடைசி வரைக்கும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு முடிந்தது. நம் ஃபுட்பால் கிளப்பைப் பெயின்ட் கம்பெனிக்கு விற்பதா வேண்டாமா என்று உறுப்பினர்கள் எல்லோரும் பள்ளிக்கூட ஹாலில் கூடினோம். முடிவை இப்போதே சொல்லமாட்டேன், நீ அதை மட்டும் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைக்கிற ரகம். வரமுடியாதவர்கள் வீட்டு ஆளிடம் எழுதிக் கொடுத்து அனுப்பலாம் என்ற விதிப்படி உன் ஓட்டை எனக்கு அனுப்பியிருந்தாய். விற்றுவிடலாம் என்று எழுதியிருந்தாய். கூடவே எனக்குத் தனியாகப் பத்து வரி. கண்ணில் புரை எடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இருபத்தைந்து பேருக்கு ஜெர்சி தைக்கிறாய், அப்பா இந்த வயதில் ஆட்டக்காரர்களின் பஸ்ஸை ஓட்டுகிறார், பெரிய கம்பெனி வந்தால் எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் இரண்டு பேரும் என்னோடு வந்து இருங்கள், ஆசை வேறு நடப்பு வேறு அம்மா என்று. அதைப் படித்த கோபத்தில் கோல்கீப்பர் சட்டைக்கு இடது கையை வலது பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்துத் தைக்க ஒரு காலைப்பொழுது போயிற்று, அந்தப் பழி உன் மேல்தான்.

எனக்கு நடப்பு தெரியாதா? கிளப்பின் பழைய முதலாளி ஒருநாள் காலையில் மைதானத்தின் கேட்டைப் பூட்டிவிட்டுப் போனானே, ஆட்டக்காரர்களே பூட்டைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்துகொண்டார்கள், அன்றைக்குக் கேட்டுக்கு எதிரில் தையற்கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். பன்னிரண்டு வருஷம் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டே ஊசியில் நூல் கோத்திருக்கிறேன். தெருவில் சனிக்கிழமை என்று ஒன்று இல்லாமலே போயிற்று. மருந்துக்கடைக்காரர் நோட்டைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக, பஸ் டிப்போ டிப்போவாக ஏறி இறங்கி, ஊரே சேர்ந்து கிளப்பை வாங்கலாம் என்று உறுப்பினர் சேர்த்தபோது இந்த ஆளுக்கு வேறு வேலை இல்லை என்றுதான் நானும் சொன்னேன். ஆனால் அந்த நோட்டில் பேர் எழுதிப் பணம் போட்டவர்கள்தான் பூட்டைத் திறந்தார்கள். இப்போது பெரியாஸ்பத்திரி மூன்றாவது மாடியில் கடைசி ஜன்னலிலிருந்து பார்த்தால் ஒரு கோல் கம்பம் தெரிகிறது என்று நோயாளிகள் அந்தக் கட்டிலுக்கு அடித்துக்கொள்கிறார்களாம். கோல் விழுந்தால் மாடியிலிருந்தும் சத்தம் கேட்கிறது. கம்பெனிக்காரர்கள் மைதானத்தைப் பைபாஸுக்கு அப்பால் கொண்டுபோகப் போவதாகச் சொன்னார்கள். இரண்டு பஸ் மாறவேண்டும். அங்கே எந்த ஜன்னலிலிருந்து யார் பார்ப்பது?

ஜெர்சியின் நிறத்தையும் மாற்றுவார்களாம், அவர்கள் பெயின்ட் டப்பாவில் இருக்கிற நீலம். அந்த நிறத்தின் கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், நான் வெட்கப்பட்டுக்கொண்டு முழுசாகச் சொல்லவில்லை. கிளப்பைத் திரும்ப ஆரம்பித்தபோது பழைய சிவப்பு ஜெர்சி ஒன்று மாதிரிக்கு வேண்டும் என்றார்கள். என்னிடம் இருக்கிறது என்று பெருமையாக, தையல் மெஷினுக்கு உறையாகப் போட்டு வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு துணிக்கடைக்குப் போனேன். பன்னிரண்டு வருஷம் ஜன்னல் வெயிலில் கிடந்து அது வெளுத்திருக்கும் என்ற புத்தி வேண்டாமா? தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது சிவப்பாகத்தான் தெரிந்தது. செங்கல்லும் இல்லாமல் ரோஜாவும் இல்லாமல் ஒரு நிறத்தில் இருபத்தைந்து சட்டை தைத்துக் கொடுத்தேன். முதல் ஆட்டத்தில் பையன்கள் வெளியே வந்தார்கள், பழைய ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள், எதிரணிக் கூட்டம் சலவைக்குப் போட்ட டீமுடா இது என்று கத்திச் சிரித்தது. எனக்கு அங்கேயே பூமிக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. அடுத்த சனிக்கிழமை பார்க்கிறேன், நம் ஆட்கள் பாதிப் பேர் வீட்டிலிருந்த பழைய சிவப்புச் சட்டை, துண்டு, திரைச்சீலை என்று நிறம் போனதையெல்லாம் தேடிப் போட்டுக்கொண்டு வந்து, ஆமாண்டா சலவைதாண்டா, உங்களைத் துவைக்க வந்திருக்கோம் என்று பாடுகிறார்கள். அதே நிறத்தில்தான் சம்பள ஆட்டக்காரர்கள் ஆடுகிற பெரிய லீக் வரைக்கும் ஏறி வந்தோம். அந்தத் தப்பை நான் திருத்தப்போவதில்லை, கம்பெனியும் திருத்தவேண்டாம்.

ஓட்டெடுப்புக்கு வருகிறேன். முந்தின நாளிலிருந்தே உன் அப்பா என்னைப் பிய்த்து எடுத்துவிட்டார். அவ லெட்டர் தபால்ல தொலஞ்சுபோச்சுன்னு சொல்லிடு, இல்லாட்டி வேண்டாம்னு மாத்திச் சொல்லு, யாரு வந்து பாக்கப்போறா என்கிறார். நான் முடியாது என்றேன். நம்மைக் கேட்காமல் ஒருத்தன் கிளப்பைப் பூட்டினான் என்றுதானே இத்தனை வருஷம் அவனைத் திட்டினோம், இப்போது பெற்ற பெண்ணைக் கேட்காமல் அவள் வாயைப் பூட்டச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். பஸ்ஸைக் கழுவுகிறேன் என்று கிளம்பிப் போனவர் சாப்பாட்டுக்குத்தான் திரும்பி வந்தார். ஹாலில் மருந்துக்கடைக்காரர் ஒவ்வொரு பேராகக் கூப்பிட, எழுந்து நின்று சத்தமாகச் சொல்லவேண்டும். உன் பேர் வந்தது. எழுந்து, என் மகள் விற்கலாம் என்கிறாள் என்று சொன்னேன். ஹாலே ஊளையிட்டது. டிப்போ ஆட்கள் தையற்காரம்மாவுமா என்று கேட்டார்கள். உன் அப்பா நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார். முன்வரிசையில் கம்பெனியின் டை கட்டின ஆள் என்னைத் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தான். அடுத்தது என் பேர். நான் உட்காரவே இல்லை. நான் விற்கமாட்டேன் என்று அவன் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

விற்கலாம் முந்நூற்றுப் பன்னிரண்டு, கூடாது முந்நூற்று இருபது. கிளப் நம்மிடமே இருக்கிறது. உன் ஓட்டையும் அவர்கள் பக்கம் எண்ணிக்கொடுத்துத்தான் ஜெயித்தோம், ஒளித்து வைத்து ஜெயிக்கவில்லை. டை கட்டின ஆள் போகும்போது, இரண்டே வருஷம்மா, நீங்களே எங்களைத் தேடி வருவீங்க என்றான். பைபாஸுக்கு அப்பால எனக்கு வழி தெரியாதே என்றேன். அடுத்த வருஷம் கஷ்டம்தான், மறைக்கவில்லை. நல்ல ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் போய்விடுவார்கள், தோற்போம், கீழ் லீக்குக்கு இறங்கினாலும் இறங்குவோம். இறங்கினால் அங்கேயும் ஆடுவோம். நீ சொன்ன கண் விஷயத்துக்கு மட்டும் ஒத்துக்கொள்கிறேன், பகல் வெளிச்சத்தில்தான் தைக்கிறேன். உன்னிடம் வருகிறோம், ஆட்டங்கள் முடிந்த பிறகு ஒரு மாதம், விருந்தாளிகளாக. அதற்கு மேல் ஒருநாள்கூடக் கேட்காதே.

நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும். உன் அடுத்த வருஷத்து உறுப்பினர் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன், மாதம் முடிவதற்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பு, மறந்துவிடாதே. அடுத்த தடவையும் எனக்கு எதிராக ஓட்டுப் போடுவதானால் தாராளமாகப் போடு கண்ணு, அது உன் உரிமை. ஆனால் விமானம் ஏறி வந்து, அந்த ஹாலில் என் பக்கத்தில் எழுந்து நின்று, நீயே சொல். உனக்காக அதைச் சொன்னபோது முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். இன்னொரு தரம் என் வாயால் சொல்லமாட்டேன்.

உன் பிரியமுள்ள,
அம்மா