மேற்குக் குடில்

ஜனவரி 12

அன்புள்ள ஒல்லிக்கு,

அம்மா நலம். நான்தான் நலமாக இல்லை. தூக்கம் வராமல் இந்த மெயிலை எழுதுகிறேன்.

நேற்று காலை ஆபீஸ் தோழிகளோடு நம் நகரத்துச் சதுப்பு நிலப் பூங்காவுக்குப் பறவை பார்க்கப் போனேன். மரக்குடிலில் உட்கார்ந்து பைனாகுலரில் பார்த்தால் வெயிலில் கண் கூசியது. கரண்டி போல மூக்குள்ள ஒரு வெள்ளைக் கொக்கு தெரிந்தது. அதற்குப் பின்னால் படகில் ஒருவன் ஆகாயத்தாமரையை வாரிப் போட்டுக்கொண்டிருந்தான். நடுவில் முகவாயைத் தோளில் தேய்த்துக்கொண்டான், அச்சு அசல் உன்னைப் போலவே. கூப்பிட வாயைத் திறந்தேன். "சத்தம் போடாதீங்கம்மா, பறவை கலைஞ்சிரும்" என்று காவலர் அடக்கிவிட்டார்.

நீ கடல் தாண்டிப் பனியில்தானே இருக்கிறாய்? உடனே பதில் போடு. அம்மாவிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.

உன் அக்கா

ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது. இங்கே முழங்கால் வரை பனி. ஆபீஸ், அறை, மறுபடி ஆபீஸ் என்று பொழுது ஓடுகிறது. ஒரே சாயலில் எத்தனையோ பேர் இருப்பார்கள், இதற்குப் போய்ப் பயந்துவிட்டாயே.

அப்புறம், அது கொக்கு இல்லை, கரண்டிவாயன். கொக்கு நின்ற இடத்தில் நிற்கும். இது அலகால் தண்ணீரை இப்படியும் அப்படியும் துழாவிக்கொண்டே நடக்கும். மேற்குக் குடிலில் உட்கார்ந்தால் காலையில் அப்படித்தான் கண் கூசும்.

அம்மாவை மாத்திரை மறக்காமல் போடச் சொல்.

ஒல்லி

ஜனவரி 14, மாலை

டேய்,

நான் எந்தக் குடில் என்று எழுதவே இல்லையே. அங்கே இன்னொரு குடில் இருப்பதே உன் மெயிலைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

படித்துவிட்டுப் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து என்னவென்று கேட்டாள். சொல்லிவிட்டேன். அழுவாள், திட்டுவாள் என்று பார்த்தால், "இவ்வளவு நாளும் பஸ்ல போற தூரத்துலயா இருந்தான்?" என்று கேட்டாள். அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளை அங்கே அழைத்து வருகிறேன். ஓடி ஒளிந்தாயானால் எனக்குத் தம்பியே இல்லை.

அக்கா

ஜனவரி 17

அக்கா,

நான் போய்ச் சேர்ந்த வேகத்தில் அங்கே கம்பெனியை மூடிவிட்டார்கள். நீங்களோ வேன் பிடித்து ஏர்போர்ட் வரை வந்து வழியனுப்பியவர்கள். திரும்பி வந்து வாசலில் நிற்க எனக்கு முகம் இல்லை.

அம்மாவை மேற்குக் குடிலில் உட்கார வைக்காதே. கண் கூசும், நான் தெரிய மாட்டேன். கிழக்குப் பக்கம் அழைத்து வா. படகோடு அங்கேயே இருப்பேன்.

அம்மாவைச் சத்தமாகவே கூப்பிடச் சொல். பறவை கலைந்தால் கலையட்டும்.

ஒல்லி