ஒண்ணுமில்லை மதினி

இயேசு மரி சூசை துணை

காரைக்குடி,
குருத்து ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் பிரபுவுக்கு அம்மா எழுதுவது. நீயும் ரீனாவும் அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம். ஆனால் இப்போது இந்த வீட்டில் மூன்றாவதாக ஒருத்தர் இருக்கிறார், அவர் சுகமாக இல்லை, அதற்குக் காரணம் நீ. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் குரலை உயர்த்தினால் மீட்டிங் இருக்கும்மா என்று வைத்துவிடுவாய், வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாய். அதனால்தான் பேப்பரில் எழுதி, உன் மாமியார் கொண்டுவருவதாக இருந்த பிரசவ மருந்துப் பொடிகளோடு பார்சலில் வைக்கிறேன். மருந்து வருகிறது, மாமியார் வரவில்லை. டிக்கெட்டை அப்பா நேற்றே ரத்து செய்துவிட்டார், அதைப் பற்றி அவரிடம் போன் போட்டுக் கெஞ்சாதே, அவரும் உன்மேல் நல்ல கோபத்தில்தான் இருக்கிறார்.

பொங்கல் கழிந்து நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? அத்தைக்கு இடுப்பில் டிஸ்க் பிதுங்கியிருக்காம், ரீனா பிரசவத்துக்கு அவங்க வரணும், நீதான் உன் யோகாவில் சரிபண்ணி அனுப்பணும் என்று, காரை சர்வீஸுக்கு விடுகிறவன் மாதிரி சொன்னாய். முதுகு இடம் கொடுத்தால் அனுப்புகிறேன், இல்லையென்றால் அனுப்பமாட்டேன் என்று அப்போதே சொன்னேன். உன் மாமியார் சகாயம் மதினியும் கல்லலிலிருந்து பஸ் பிடித்து நம் மாடி யோகா ஹாலுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். டாக்டர் ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி செய்யலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை அவருக்குக் கொடுக்க முடியுமா? முன்னால் குனிகிற ஆசனங்களை எல்லாம் எடுத்துவிட்டேன், தரையில் சம்மணம் போட்டு உட்காரவே விடவில்லை. முதலில் பாயில் படுத்து இரண்டு காலையும் நாற்காலி மேல் போட்டு மூச்சு விடுவது மட்டும்தான். அப்புறம் சுவரில் கை ஊன்றி முதுகை நீட்டுவது, எழும்பும்போது ஒருக்களித்துத் திரும்பிக் கையை ஊன்றி எழும்புவது. புஜங்காசனத்தைக்கூட முழங்கையை ஊன்றித் தலையை மட்டும் தூக்குகிற அளவுக்குக் குறைத்துத்தான் கொடுத்தேன். இந்த வேலையில் எனக்கு ஸ்கேன் மெஷின் எல்லாம் கிடையாது பிரபு, எதிரில் இருப்பவர் சொல்கிற பதில்தான் எனக்கு எல்லாம். வலிக்கிறதா, எங்கே வலிக்கிறது, காலுக்கு இறங்குகிறதா, மரத்துப்போகிறதா என்று கேட்டுக் கேட்டுத்தான் கூட்டுவதும் குறைப்பதும். நான் எப்போது கேட்டாலும் மதினி ஒரே பதில்தான் சொன்னார், ஒண்ணுமில்லை மதினி, இப்ப நல்லாயிருக்கு என்று. பெண்ணைக் கொடுத்தவர், மாப்பிள்ளையின் அம்மாவிடம் வலிக்கிறது என்று சொல்லக் கூசுவார் என்பது எனக்குத் தெரியாதா? அதனால்தான் ஹாலில் எனக்கு உதவியாக இருக்கும் சித்ராவைத் தனியாகக் கேட்கச் சொன்னேன். அவளிடமும் சிரித்துக்கொண்டே அதையேதான் சொன்னாராம். சரி, உடம்பு தேறுகிறது என்று நம்பி நானும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனேன்.

போன வியாழக்கிழமை, அத்தனை மணி நேரம் விமானத்தில் உட்கார வேண்டுமே என்று நாற்காலியில் வெகுநேரம் உட்கார வைத்துப் பழக்கினேன். பிறகு, கையிலிருந்து எதுவும் கீழே விழுந்தால் எடுக்க வேண்டியிருக்குமே என்று ஒரு சால்வையைக் காலடியில் போட்டு, இடுப்பை வளைக்காமல் மெதுவாக எடுங்கள் என்றேன். மதினி முழங்காலை மடக்கி இறங்கினார், திரும்ப எழும்ப முடியவில்லை. அப்படியே பக்கவாட்டில் சரிந்தவர் என் சேலையைப் பிடித்துக்கொண்டார், முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது. அப்போதும் அவர் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? ஒண்ணுமில்லை மதினி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைக் குத்திக் குத்திப் பார்த்தார், பெருவிரல் பக்கம் உணர்வே இல்லை. எப்போதிருந்து என்று கேட்டார். மதினி திரும்பி என்னைப் பார்த்தார், அந்தப் பார்வையிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. விபூதிப் புதன்லருந்து டாக்டர் என்றார். தவக்காலம் முழுக்க மரத்துப்போன காலோடு பஸ் ஏறி வந்து நான் சொன்னதையெல்லாம் செய்திருக்கிறார். ஆட்டோவில் வரும்போதுதான் உண்மையைச் சொன்னார். அதற்கும் முதலில், மாப்பிள்ளை பாவம் மதினி, அவுகளை ஏசாதீக என்றுதான் ஆரம்பித்தார். வலி இருக்குன்னு சொன்னா எங்கம்மா உங்களை அனுப்பமாட்டாங்க அத்தை, வந்து சேருற வரைக்கும் பொறுத்துக்கங்க, இங்க வந்ததும் பாத்துக்கலாம் என்று நீ சொன்னாயாம். தவக்காலந்தானே மதினி, வலிய ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துட்டேன், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சிலுவைப்பாதையில ஒரு தலம் விடாம முட்டிபோட்டேன் என்கிறார். எனக்கு ஆட்டோ என்றும் பார்க்காமல் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆண்டவரா அந்த வலியைக் கேட்டார்? கேட்டது நீ.

அம்மா கண்டிப்பானவள் என்று தெரிந்துதானே மறைக்கச் சொன்னாய், அந்தக் கண்டிப்பு எதற்கு என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? வந்ததும் பாத்துக்கலாம் என்றாயே, என்னத்தைப் பார்ப்பாய்? நடக்க முடியாத அம்மாவைப் பார்ப்பாயா, பச்சை உடம்புக்காரியைப் பார்ப்பாயா, பிள்ளையைப் பார்ப்பாயா? உனக்கு உன் வீட்டில் ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பது உன் கண்ணுக்குத் தெரியவில்லை. நீ என்னை ஏமாற்றினாய், அதை நான் தாங்கிக்கொள்வேன், நீ சின்ன வயதில் சொல்லாத பொய்யா. ஆனால் என்னை நம்பி வந்தவரை என் கையாலேயே கெடுக்க வைத்தாயே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

கல்லலில் தனியாள், அங்கே யார் இருக்கிறார்கள் என்று நம் வீட்டிலேயே முன்னறையில் படுக்க வைத்திருக்கிறோம். சம்பந்தி வீட்டில் இப்படிப் படுத்துக்கிடக்கிறேனே என்று கூசிக்கொண்டு தண்ணீர்கூடக் கேட்டு வாங்கமாட்டேன் என்கிறார். அப்பா இஞ்சி டீ போட்டுக் கையில் கொடுத்தார், அதற்கே அழுகை. மாமியார் இல்லாவிட்டால் அம்மா வரட்டும் என்று நினைக்காதே, நான் இவரை விட்டுவிட்டு எங்கும் வருவதாக இல்லை. நீ லீவு போடு. கிடைக்காது என்றால் சண்டை போட்டு வாங்கு, மாமியாரைப் பொய் சொல்ல வைக்கத் தெரிந்தவனுக்கு மேனேஜரிடம் பேசத் தெரியாதா? மருந்துப் பொடி ஒவ்வொன்றிலும் எப்படிக் கொடுப்பது என்று எழுதி ஒட்டியிருக்கிறேன், நீயே கிளறிக் கொடு. பிள்ளையைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி, நெஞ்சோடு சேர்த்துத் தூக்கு, உனக்கும் வயதாகிறது. ரீனாவிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நீதான் சொல்ல வேண்டும், பூசி மெழுகாமல் நீ செய்ததைச் சொல்.

இன்று காலை மதினியின் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டிருந்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட இல்லை, கேட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். மதினியே கையைப் பின்னால் கொண்டுபோய், இங்குட்டு வலிக்குது மதினி, ரொம்ப வலிக்குது என்றார். கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. தலையணையை எடுத்துவிட்டு வேறு மாதிரி மடித்து வைத்தேன், இப்ப கொஞ்சம் தேவலை என்றார். இத்தனை நாளில் அவர் சொன்ன ஒண்ணுமில்லை எதையும் நான் இப்போது கணக்கில் எடுக்கவில்லை, இன்றைக்குத்தான் அவர் எனக்கு முதல்முறையாகப் பதில் சொல்லியிருக்கிறார்.

மாதா உங்கள் மூன்று பேரையும் தன் சேலைக்குள் வைத்துக் காக்கட்டும். ஈஸ்டருக்குக் கோயிலுக்குப் போ, பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுப் போ. கடைசியாக ஒன்று, இதை மட்டும் மறந்துவிடாதே. ரீனா அந்த அம்மா வயிற்றில் பிறந்த பெண். நோவு எடுக்கும்போதும் உன் முகத்தைப் பார்த்து, உனக்கு வேலை இருக்கும் என்று நினைத்து, ஒண்ணுமில்லை என்றுதான் சொல்லுவாள். நம்பிவிடாதே.

உன்மேல் கோபம் இன்னும் ஆறாத
உன் அம்மா
ஆரோக்கிய ஷீலா