அடைப்பு நீங்கிய குழி

நஸ்லத் ஷலபி,
ஃபையூம், எகிப்து.

அன்புள்ள தம்பி மஹ்ரூஸுக்கு,

அண்ணி ஸனிய்யா எழுதுவது. குவைத்தில் இறைவன் உங்களை நல்ல உடம்போடு வைத்திருக்கட்டும். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அதனால் விடுப்பு முடிந்து திரும்பும் ஹம்தியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் அம்மா நடமாடுகிறார். சின்ன எருமை கன்று போட்டிருக்கிறது. கோழிகளுக்கு நோய் எதுவும் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை வேளாண் அலுவலர் வந்தார். சாணத்தையும் கோழிக் கழிவையும் இனி யாரும் வாய்க்காலில் தள்ளக் கூடாதாம். எரிவாயுத் தொட்டி கட்டலாம், குவித்து மட்கவைக்கலாம், மீன் குளத்துக்காரர்களின் லாரிக்குக் கொடுத்துவிடலாம். எந்த வீட்டுக்கு எது என்று கேட்டார். தொட்டி என்றதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அப்துத் தவ்வாப் மட்டும், "அடுப்பெரிக்க எங்க வீட்லயும் எழவு விழணுமா? குவியலே போதும்" என்றவர், என்னைக் கண்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அலுவலர் என் பக்கம் திரும்பி, "அந்தக் குழிக்குள்ள இறங்கச் சொன்னது யாரும்மா?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல. அவரா இறங்கினாரு" என்றேன்.

அன்றைக்குப் போன் என் கையில்தான் இருந்தது, தம்பி. கோழி இறகும் உமியும் அடைத்துக்கொண்டது என்று உங்கள் அண்ணன் சொன்னதும், "நான் கட்டுன தொட்டிண்ணே, பயப்படாத. இறங்கி கம்பியால ஒரு குத்து குத்து" என்று சிரித்தீர்கள். இறங்கினார். குத்தினார். வாயு குப்பென்று மேலே வந்தது. அப்புறம் நீங்கள் "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தீர்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அடைப்பு நீங்கிவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் நாற்பது நாளும் அந்தத் தொட்டி வாயுவின் சுடரில்தான் தேநீர் வைத்தோம். புதிதாகச் சாணம் ஊற்ற எவருக்கும் கை வரவில்லை. சுடர் நாளுக்கு நாள் சிறுத்தது. அது அணைந்த காலையில்தான் அத்தை வாய்விட்டு அழுதார். இன்றும் அடுப்பின் திருகைத் திறந்து காதை வைக்கிறார். "மூச்சு விடுறான்டி" என்கிறார். நான் மறுப்பதில்லை. எனக்கும் கேட்கிறது.

நம் வீட்டுக்குக் குவியல் என்று சொல்லிவிட்டேன். தொட்டியின் மேல் குற்றமில்லை, தெரியும். ஆனால் சாண வாளியோடு அதன் வாயருகே என்னால் நிற்க முடியவில்லை. வைக்கோல் கலந்து, வாரம் ஒருமுறை நானே புரட்டிப் போடுகிறேன்.

குழியை மண் போட்டு மூடக் கூப்பிட்டேன், ஒருவரும் வரவில்லை. நீங்கள் வாருங்கள். அத்தை என்னிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்டாலும், அலுவலரிடம் சொன்னதையேதான் சொல்வேன். மிச்சமிருக்கும் மகனை அவர் கண்ணால் பார்க்கட்டும்.

இறைவன் உங்களுக்குத் தூக்கத்தைத் தரட்டும்.

உங்கள் அண்ணி,
ஸனிய்யா