சம்பந்திகளும் சாப்பாட்டு மேஜைகளும்

பிப்ரவரி 4

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம். போனில் பேசலாமென்றால் பெண் பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

கல்யாண விருந்துக்கு அலங்காரம் செய்பவர் நேற்று வந்தார். ஒவ்வொரு மேஜைக்கும் கண்ணாடிக் குவளை, அது நிறைய வெள்ளை ரோஜா, அடியில் முத்து வைத்த விரிப்பு என்று அடுக்கினார். அவர் சொன்ன தொகையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. செலவு பாதிப் பாதி என்று பேசியிருக்கிறோம். என் பாதிக்கு எத்தனை பள்ளிச் சீருடை தைக்க வேண்டுமோ!

ஒரு யோசனை. காலி ஜாம் பாட்டில்களில் பச்சை இலைக் கொத்தும் ஒற்றைப் பூவும் வைத்தால் என்ன? தையலில் மிஞ்சிய வெள்ளைத் துணியைக் கழுத்தில் கட்டிவிடலாம். கோபித்துக்கொள்ளாமல் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பெண்ணின் அம்மா


பிப்ரவரி 9

சம்பந்தி அம்மாவுக்கு,

ஜாம் பாட்டிலா? என் நாத்தனார்கள் மூன்று பேரும் வருகிறார்கள். மற்ற எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பார்க்கலாம், மேஜையில் வேண்டாம். உங்களுக்குச் சிரமமென்றால் முழுச் செலவையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளையின் அம்மா


பிப்ரவரி 13

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நல்ல மனதோடுதான் எழுதியிருப்பீர்கள். ஆனால் என் பெண் கல்யாணத்தில் நான் விருந்தாளி மாதிரி கையை வீசிக்கொண்டு வர முடியாது. ரோஜாவே இருக்கட்டும். என் பாதி வந்து சேரும்.

பெண்ணின் அம்மா


பிப்ரவரி 17

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் கல்யாணத்தின்போது அப்பாவுக்கு வேலை போயிருந்தது. மேஜைகளில் தண்ணீர் டம்ளரைத் தவிர ஒன்றும் கிடையாது. "ஆஸ்பத்திரி கேன்டீன்ல சாப்பிட்ட மாதிரி இருந்துச்சு" என்றார் பெரிய நாத்தனார். இன்றைக்கும் யார் வீட்டுக் கல்யாணப் பேச்சு வந்தாலும் அதைச் சொல்லிச் சிரிப்பார். உங்கள் பெண் காலமெல்லாம் அப்படி ஒரு பேச்சைக் கேட்கக் கூடாது என்றுதான் ரோஜாவைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

ஒரு பாட்டில் செய்து எடுத்து வாருங்கள், பார்க்கலாம். எங்கள் மருந்துக்கடையில் பழுப்பு நிற சிரப் பாட்டில்கள் நிறையக் கிடக்கின்றன. அவை சரிப்படுமா?

அன்புடன்,
மாப்பிள்ளையின் அம்மா


மார்ச் 22

அன்புள்ள சம்பந்திக்கு,

கல்யாணம் முடிந்த களைப்பு இன்னும் போகவில்லை. ஆனால் மனசு நிறைந்திருக்கிறது. அந்தப் பழுப்புப் பாட்டில்களில் இலையின் பச்சை எவ்வளவு எடுப்பாக இருந்தது! முந்தின நாள் மண்டபத்தில் தரையில் உட்கார்ந்து நாம் துணி கட்டியதையும், நீங்கள் எல்லா முடிச்சையும் மருந்துப் பொட்டலம் மாதிரி இறுக்கியதையும் நினைத்தால் தனியாகச் சிரிக்கிறேன்.

உங்கள் பெரிய நாத்தனார் மட்டும் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஏதாவது சொன்னாரா? மறைக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


மார்ச் 27

அன்புள்ள சம்பந்திக்கு,

சொல்லாமல் இருப்பாரா? நேற்று கடைக்கே வந்துவிட்டார். "அதெல்லாம் மருந்து பாட்டில்தானே?" என்றார். "ஆமா அண்ணி, நம்ம கடைப் பாட்டில்தான்" என்றேன். அலமாரியிலிருந்த ஒரு பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நல்லாத்தான் இருந்துச்சு. உன் கல்யாணத்துலயும் இப்படி ஏதாவது செஞ்சிருக்கலாமே" என்றார்.

முன்பென்றால் உள்ளே போய் அழுதிருப்பேன். நேற்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"அப்போ எனக்கு இப்படி ஒரு சம்பந்தி இல்லையே, அண்ணி!"

அவரும் சிரித்துவிட்டார்.

பிள்ளைகள் தனிக்குடித்தனம் போன பிறகு இங்கே வீடு வெறிச்சென்று இருக்கிறது. அங்கேயும் அப்படித்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. காலையிலேயே வந்துவிடுங்கள். தைக்கிற வேலை எதையும் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். சும்மா உட்கார்ந்து பேசுவோம்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் சம்பந்தி